நான் விட்ட ஏழாம் பாட்டு

1

ஒக்லாந்தின் நியூ லின் நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் கண்ணாடிக் கதவை ஒட்டி ஒரு சிறு மேசை போட்டு, அதன் பின்னால் ஒரு சமாதான நீதவானை அமர்த்தியிருப்பார்கள். ஊரில் சமாதான நீதவானிடம் ஒரு கையொப்பம் வாங்க வேண்டுமென்றால் வெள்ளை வேட்டி உடுத்துப் போய், அவர் குளித்துப் பூசை முடிக்கும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். இங்கே வரிசையில் நின்றால் போதும். எனக்கு முன்னால் நின்ற சமோவா இளைஞர் அரைக்காற்சட்டையோடு வந்து, இரண்டு நிமிடத்தில் அலுவலை முடித்துக்கொண்டு போனார்.

நான் கொண்டுபோனது ஒரேயொரு தாள். ஒஸ்திரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் நான் பாடிய ஒரு பதிகம் அங்கே ஒலிநாடாவில் இருக்கிறது. அதைப் பதிவுசெய்த இசையியல் பேராசிரியர் லியோபோல்ட், தம் வாழ்நாட் சேகரிப்பு முழுவதையும் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். பாடியவன் நானே என்றும், நாடாவைப் பற்றிய விவரக்குறிப்பு உண்மையே என்றும் நான் ஒரு சாட்சியின் முன் உறுதிகூறிக் கையொப்பமிட்டால், அது எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் ஏறிவிடும்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி.

"உட்காருங்க ஐயா. தமிழா? நல்லதாப் போச்சு, நான் மலேசியா, ஈப்போக்காரி. பாஸ்போர்ட் கொண்டாந்தீங்களா?"

கொடுத்தேன். அவர் தாளை முழுவதும் வாசித்தார். இத்தகைய மேசைகளில் யாரும் முழுவதும் வாசிப்பதில்லை.

"கோயில் பாட்டா? ஆறு பாட்டுப் பாடிட்டு, ஏழாவது பாட்ட வாயத் திறக்காம மனசுலயே பாடுவீங்களா? அழகா இருக்கே, ஐயா. எங்க பக்கம் இப்படிக் கேள்விப்பட்டதே இல்ல."

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"சைன் போடறதுக்கு முன்னாடி நான் கேட்கணும், சட்டம் அப்படி. இதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மைதானே?"

பேனாவை மூடினேன். "பிறந்த திகதி பிழையாய்க் கிடக்குது, பிள்ளை. திருத்திக்கொண்டு வாறன்."

"இங்கேயே வெட்டி எழுதலாமே."

"இல்லைப் பிள்ளை, வாறன்."

பிறந்த திகதி சரியாகத்தான் இருந்தது.

2

லியோபோல்ட் எங்கள் ஊருக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது, எனக்கு இருபத்துநான்கு. ஒஸ்திரியாவில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் அவ்வூர்த் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். சிறு வயதில் அந்த ஓர்கனுக்குத் துருத்தி மிதித்துக் காற்று ஊட்டுவதே லியோபோல்டின் வேலை. பின்னர் வியன்னாவுக்குப் போய் இசையியல் கற்று, பழைய இலக்கணப் புத்தகமொன்றிலிருந்து தமிழும் கற்று, கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வுக்காகப் பண்ணோடு பதிகம் ஓதும் கோயில்களைத் தேடி யாழ்ப்பாணம் வந்தார். ஒலிப்பதிவுக் கருவியை ஒரு கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டே வாடகைக் காரில் வந்திறங்கியதால், ஊரார் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயரிட்டார்கள். 'யான் நீர் பருக விழைகின்றேன்' என்று அவர் சொன்ன தமிழை, ஆறே மாதத்தில் 'எனக்குத் தண்ணி விடாய்க்குது' என்று ஆக்கியது எங்கள் ஊர்.

பதிவுக்குக் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலின் ஓதுவாரான என் ஆசிரியருக்கு அப்போது நெஞ்சுச்சளி. அவருக்குப் பதிலாக நான் பாடுவதென்று முடிவாயிற்று. கார் பற்றரியில் கருவியை ஓட்டினார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. தூணோரம், எனக்குப் பெண் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சால்வையை மடியிலிட்டு அமர்ந்திருந்தார்.

ஆறு பாட்டும் பிசகின்றிப் போயின. ஏழாம் பாட்டின் முதற்சொல் வரவில்லை. ஏழு வயதிலிருந்து நாள்தோறும் ஓதிய பாட்டு. கண்ணை மூடினேன். கருவியின் சக்கரங்கள் சுழலும் ஓசை மட்டும் கேட்டது. அப்போது என் ஆசிரியர் இருமினார். அது சளியின் இருமலன்று. சந்நிதியில் மாணவனுக்குச் சொல்லெடுத்துக் கொடுப்பது முறையல்ல என்பது அவர் கொள்கை. யாரேனும் தவறினால் இருமி உணர்த்துவார். அந்த இருமல் என் பதற்றத்தைக் கூட்டியதேயன்றிப் பாட்டைத் தரவில்லை. எட்டாம் பாட்டைத் தொடங்கிவிட்டேன்.

பாடி முடிந்ததும் லியோபோல்ட் கையிலிருந்த புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, "ஏழாவது பாட்டு எங்கை, ஞானம்?" என்று கேட்டார்.

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. தூணோரத்துப் பெரியவரும் பார்த்தார்.

"இந்தக் கோயிலில ஏழாம் பாட்டை வாய்விட்டுப் பாடுறேல்லை," என்றேன். "மனசுக்குள்ள ஓதுறது. அது எங்கட பரம்பரை வழக்கம்."

அவருடைய கண்கள் விரிந்ததை இன்றும் மறக்கவில்லை. முழங்காலில் குறிப்பேட்டை வைத்து விறுவிறுவென்று எழுதினார். சந்நிதியில் நின்று சொன்ன பொய்யை எழுத்தில் ஏற்றுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மண்டபத்தில் இருந்த எவரும் வாய் திறக்கவில்லை. அந்நியர் முன்னிலையில் ஊர்ப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில் என் ஆசிரியர் ஒரே ஒரு முறை பேசினார். "தம்பி, நீர் சொன்னதை அந்த மனுசன் எழுதிப்போட்டுது. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிப்போடும்."

கிணற்றடியில் கால் கழுவும்போது ஏழாம் பாட்டு முழுவதுமாக நினைவுக்கு வந்தது. மறுநாள் லியோபோல்ட் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா அவித்த புட்டை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சொல்லவில்லை. அடுத்த மாசி மாதம் ஆசிரியர் சிவபதம் அடைந்தார். தூணோரத்துப் பெரியவர் தம் மகளை எனக்குத் தந்தார். அவள் கண்மூடும்வரை அவளுக்கும் நான் சொல்லவில்லை.

3

லியோபோல்டின் ஆய்வேடு பதினாறு கோயில்களைப் பற்றியது. ஆனால் எங்கள் கோயிலைப் பற்றிய அத்தியாயமே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பாடாமலே பாடப்படும் ஒரு பாட்டு: அதை அவர் 'மௌனப் பாட்டு' என்று அழைத்தார். முதலில் உதவி விரிவுரையாளர். நான்கு மாணவர்கள், மேல்மாடியில் குளிரான ஓர் அறை. பின்னர் புத்தகம், விரிவுரையாளர் பதவி, வெளிநாட்டு அழைப்புகள். அதன்பின் பேராசிரியர் ஆசனம். ஒவ்வோர் ஆண்டும் முதல் விரிவுரையில் என் நாடாவை ஒலிக்கவிட்டு, ஏழாம் பாட்டின் இடம் வரும்போது மாணவர்களைக் கண்மூடி இருக்கச் சொல்வாராம். இசை என்பது ஒலியில் மட்டும் இல்லை என்று அங்கிருந்துதான் தொடங்குவாராம். பெருமையோடு எழுதியிருந்தார்.

எழுதியதோடு கேள்வியும் கேட்டார். நல்ல ஆய்வாளர் அவர். ஒரு சான்றை நம்பி இருந்துவிடுபவரல்லர். மற்றக் கோயில்களில் விசாரித்தார். அங்கெல்லாம் ஏழையும் வாய்விட்டே பாடினார்கள். ஆகவே எனக்கு எழுதினார். மௌனமாக ஓதும்போது கண் மூட வேண்டுமா? மூட வேண்டும் என்று எழுதினேன். பெண்களும் ஓதலாமா? ஓதலாம். எல்லா நாளுமா? வெள்ளிக்கிழமை மட்டும். நாடாவில் கேட்கும் இருமல் எதற்கு? அது மௌனம் தொடங்குவதற்குக் குரு தரும் குறிப்பு என்று எழுதினேன். அந்த இருமலைப் பற்றி அவர் தனிக் கட்டுரையே வெளியிட்டார்.

பிறகு போர் வந்தது. கோயில் மண்டபம் இடிந்தது. அன்று அங்கே அமர்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் இறந்தார்கள். மீதிப்பேர் கனடாவிலும் இலண்டனிலும் சிதறினார்கள். என்னை மறுத்துச் சொல்ல ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு பொய்க்கு அதைவிடப் பாதுகாப்பான காலம் வாய்க்காது. அந்த எண்ணம் ஒருநாள் எனக்கே ஓர் ஆறுதல் போலத் தோன்றியது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

4

இந்த நாட்டில் நாங்கள் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, அதனோடு லியோபோல்டின் கடிதமும் போயிற்று. அழிந்துபோன ஒரு வழிபாட்டு மரபைத் தாங்கிநிற்கும் கடைசி மனிதர் இவர் என்று பல்கலைக்கழகத் தாளில் எழுதியிருந்தார். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். "இந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டுவீர்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பாடினேன். ஏழாம் பாட்டின் இடத்தில் நிறுத்தினேன். அதிகாரி தலை குனிந்தார். மொழிபெயர்ப்பாளரும் குனிந்தார். நானும் குனிந்தேன், என் காரணம் வேறு.

எங்களுக்கு அடைக்கலம் தந்தது அந்தக் கடிதமா, நாங்கள் கண்ட அழிவுக்கான மற்றச் சான்றுகளா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதே தண்டனை.

ஒக்லாந்தில் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் கூட்டாகப் பதிகம் ஓதுகிறோம். யாழ்ப்பாணத்தார், தமிழ்நாட்டார், மலேசியர் எல்லோரும் உண்டு. லியோபோல்டின் விரிவுரை இணையத்தில் ஏறிய பிறகு, ஒரு பொறியியலாளர் அதைப் பார்த்துவிட்டு, "சார், உங்க கோயில் முறையிலேயே நாமளும் பண்ணலாமே" என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். அன்றிலிருந்து இந்த ஊரிலும் அந்தப் பதிகத்தின் ஏழாம் பாட்டு பெருமானுக்குக் கேட்பதில்லை.

என் மகள் சுகந்தி மருத்துவமனையில் தாதி. அவளுடைய மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. பள்ளியில் வியோலா வாசிக்கிறாள். 'அம்மப்பா' என்ற ஒரு சொல்லைத் தவிர எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்வாள். பத்து வயதுக்குப் பிறகு கோயிலுக்கு வர மறுத்தவள், அந்த விரிவுரையைப் பார்த்த பின் வெள்ளிதோறும் தானாக வந்து காரில் ஏறினாள். பள்ளிப் பரீட்சைக்காக எழுதிய இசைத் துண்டிலும் நடுவே, நாடாவில் உள்ளதைப் போலவே, பதினொரு மூச்சு நீள மௌனம் வைத்தாள். ஏன் வருகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "அந்த இடத்தில மட்டும்தான், அம்மப்பா, எனக்குத் தமிழ் தெரியாதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

5

நூலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று, மதியச் சோறு முடிந்ததும் சுகந்திக்கும் ஆரணிக்கும் உண்மையைச் சொன்னேன்.

சுகந்தி கை கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "இப்ப ஏன் அப்பா? அந்த மனுசனுக்கு எண்பது தாண்டீட்டுது. முதியோர் இல்லத்தில தனிய இருக்கிறார். நிம்மதியாய் இருக்க விடுங்கோவன்."

"காப்பகத்தில ஏறீட்டுதெண்டால் பிறகு அழியாது, பிள்ளை."

"அழியாட்டி என்ன? ஆருக்கு நட்டம்?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கடுதாசியைக் காட்டித்தானே எங்களுக்கு விசா கேட்டது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்பினமோ?"

"கேட்டால் குடுக்கிறதுதான்."

"உங்களுக்கென்ன, சொல்லுவியள். மோர்ட்கேஜ் கட்டுறது நான்."

ஆரணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வராது. "அப்ப, ஒவ்வொரு வெள்ளியும் அந்த இடத்தில கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைக்கிறனீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஏழாம் பாட்டைத்தான். மனசுக்குள்ள ஓதுவன்."

"அப்ப அது உண்மைதானே. நீங்கள் சொன்னபடியே செய்யிறியள்."

பதினேழு வயதில் அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்த வாதத்தை நான் எத்தனையோ ஆண்டுகளாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முன்பு சொன்ன பொய்யின்படி பின்னர் நடந்துகொண்டால் அது மெய்யாகிவிடும் என்றால், எந்தப் பொய்யும் பொய்யாகாது. பதிகம் பாடிய பெரியவர்கள் தம் குற்றங்களைத் தாமே அடுக்கி, நாடறியப் பாடிவைத்தார்கள். அக்குற்றங்களை நான் ஐம்பது ஆண்டுகளாகப் பண் பிசகாமல் பாடிவந்தேன். என்னுடையதை உரைநடையிற்கூடச் சொல்லவில்லை.

இதை அவளுக்குச் சொல்லும் ஆங்கிலம் என்னிடம் இல்லை. "அது சரிவராது, குஞ்சு" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வியோலாச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

6

இங்கே மாலை ஆறு மணி என்றால் இப்பருவத்தில் அங்கே காலை எட்டு. திரையில் லியோபோல்ட் கம்பளிச் சட்டையோடு அமர்ந்திருந்தார். பின்னால் ஜன்னலில் கோடை வெயில்.

"ஞானம், உம்மட கடுதாசி இன்னும் வரேல்லை எண்டு காப்பகத்துப் பிள்ளை சொல்லுறா. கையெழுத்து வைக்க மறந்துபோனீரோ?"

"மறந்தது கையெழுத்தை இல்லை, லியோ," என்று தொடங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்: தூணோரத்துப் பெரியவர், கிணற்றடி, ஆசிரியர் சொன்ன 'நாளைக்கு', கடிதங்களில் நான் எழுதிய ஒவ்வொரு மறுமொழியும். அவர் இடைமறிக்கவில்லை. முடிந்த பிறகும் பேசவில்லை. அவருடைய அந்த மௌனத்தில் எதை ஓதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அந்த இருமல்?" என்று கடைசியில் கேட்டார்.

"என்ர ஆசிரியருக்கு வந்த கோபம்."

"நாப்பது பக்கம் எழுதினனான், ஞானம்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சின்னனில நான் துருத்தியில நித்திரையாய்ப்போய் ஓர்கன் நிண்டுபோச்சு. அதுக்கு அப்பா எனக்கு அடிச்சவர். நீர் மறந்ததுக்கு எனக்குப் பேராசிரியர் வேலை தந்தவை."

"என்னை மன்னிக்க வேணும், லியோ."

"அடுத்த நாள் உம்மட வீட்டை வந்தனான். புட்டு சாப்பிட்டனான். அப்ப சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் சிரிச்சிருப்பம். நாடாவைத் திருப்பிப் போட்டு இன்னொருக்காப் பதிஞ்சிருப்பன். அவ்வளவுதான் வேலை." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "என்னட்டைப் படிச்ச பிள்ளையள் இப்ப தங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்குதுகள். அதுகளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

நான் தலை குனிந்திருந்தேன்.

"இப்ப தெரியுமோ, ஏழாம் பாட்டு?"

"தெரியும்."

"பாடும்."

நிமிர்ந்து உட்கார்ந்து, கண் மூடி, பண்ணெடுத்தேன். ஒரு வரி போயிருக்கும். "நில்லும், நில்லும்," என்றார். "கருவியைப் போடேல்லை." மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தார். பொத்தான் இரண்டு முறை தவறியது. பிறகு, அன்று கோயிலில் செய்தது போலவே, தம் மொழியில் இடத்தையும் நாளையும் பாடுபவர் பெயரையும் அறிவித்தார். என் பெயரைச் சொல்லும்போது குரல் மட்டும் மாறியது. "ஓம், பாடும்."

பாடினேன். எழுபத்தைந்து தாண்டியவன் குரல். மேலே ஏறும் இடத்தில் உடைந்தது. மூன்றாம் வரியில் அவர் இருமினார். கண்ணைத் திறந்து பார்த்தேன். நிறுத்த வேண்டாம் என்று கையசைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முடிந்ததும் கருவியை நிறுத்தினார். "நான் கொஞ்ச நாள் தனிய இருக்க வேணும், ஞானம். நாளைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்."

திரையில் ஒரு கணம் கூரை தெரிந்தது. பின் அதுவும் அணைந்தது.

7

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பொறியியலாளர், "பரவாயில்லை சார், நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒரு முதியவள் மட்டும் எழுந்து வேறிடத்தில் போய் அமர்ந்தாள். ஏழாம் பாட்டை வாய்விட்டுப் பாடினோம். ஆரணி வந்திருந்தாள், கடைசி வரிசையில். எல்லோரும் பாடியபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளி காரில் ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஐந்து வாரத்தின் பின் காப்பகத்திலிருந்து புதிய தாள் வந்தது. இம்முறை விவரக்குறிப்பு இரண்டு நாடாக்களுக்கு. ஆங்கிலத்துக்குக் கீழே, குழந்தை எழுதுவது போன்ற பெரிய தமிழ் எழுத்துக்களில், லியோபோல்ட் தம் கையால் எழுதியிருந்தார்.

'ஒன்று. ஏழாம் பாட்டு இல்லை. பாடியவர் மறந்துவிட்டார். இருமல், ஆசிரியருடையது.'

'இரண்டு. ஏழாம் பாட்டு. பாடியவர் அவரே. இருமல், என்னுடையது.'

வேறொரு சொல்லும் இல்லை. அவர் இன்றுவரை அழைக்கவில்லை.

சனிக்கிழமை நூலகத்தில் அதே ஈப்போப் பெண்மணி இருந்தார். தாளை முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டப்படி கேட்டார்.

"இதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மைதானே, ஐயா?"

"ஓம் பிள்ளை."

கையொப்பமிட்டேன். அவர் முத்திரையை மைப்பெட்டியில் அழுத்திக்கொண்டே, "அன்னைக்குப் பிறந்த தேதி தப்பா இருக்குன்னு சொன்னீங்களே, திருத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

வரிசையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள்.

"அதில பிழை ஒண்டும் இருக்கேல்லை," என்றேன். "அண்டைக்கு உங்களுக்கும் நான் பொய் சொன்னனான்."

அவர் முத்திரையைக் கையில் பிடித்தபடி சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தாளில் குத்தினார்.